வீட்டு முற்றத்தில் ஒரு பாய்ப்படகு
பழுது பார்க்குமுன் பழுதைக் காணும் கலை

மரக்கலத்துக்குப் பகை கடல்தான் என்பது நம்மில் பலரின் எண்ணம். அலை மோதும், உப்பு அரிக்கும், பாறை பிளக்கும். ஆகவே படகைக் கரையேற்றி வைத்துவிட்டால் அது நெடுங்காலம் பழுதின்றிக் கிடக்கும் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையோ இதற்கு மாறானது. கடலின் சீற்றத்துக்கெல்லாம் தப்பிப் பிழைத்துக் கரையிற் கிடந்தே மாண்ட சிறு படகுகள் எண்ணில. அவற்றைக் கொன்றது உப்பு நீரன்று. வானத்திலிருந்து பெய்த நன்னீரே. வேலியோரத்தில், கிழிந்த மூடுதுணியின் கீழ்க் கிடக்கும் படகினுள் மழைத்துளிகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. வெளியேற வழியின்றித் தேங்குகின்றன. மரத்தை உள்ளிருந்து உண்ணும் பூஞ்சணத்துக்குத் துணையாகின்றன.

இவ்வாறு கைவிடப்பட்ட படகொன்றை ஒரு குடும்பம் தன் வீட்டு முற்றத்திலேயே மீட்டெடுத்து மீண்டும் மிதக்கவிட முடியுமா? முடியும் என்பதே விடை. அதற்குக் கைதேர்ந்த ஓடாவியின் திறமை வேண்டியதில்லை; பெருஞ்செல்வமும் வேண்டியதில்லை. பொறுமை வேண்டும். அதனினும் மேலாக, உள்ளதை உள்ளபடி பார்க்கும் துணிவு வேண்டும். பூசி மறைக்குமுன் திறந்து பார்க்கவேண்டும் என்பதே இக்கலையின் முதல் விதி. கடைசி விதியும் அதுவே எனலாம். இதனை விளக்குவதற்கு, உலகின் பல நாடுகளிலும் அறியப்பட்ட ஒரு சிறு படகை எடுத்துக்கொள்வோம்.

செய்தித்தாளின் பெயர் பூண்ட படகு

ஒரு காலத்திற் பிரித்தானியாவிலே பாய்ப்படகோட்டம் வசதி படைத்தோரின் விளையாட்டாகவே பெரிதும் இருந்தது. மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்து, விலாச்சட்டங்கள் அமைத்து, பலகைக்குமேற் பலகை பொருத்திப் படகு கட்டுவது நெடுநாட் பயின்ற தச்சருக்கே கைவந்த கலை. அதற்குரிய கூலியைத் தொழிலாளர் குடும்பங்கள் எவ்வாறு கொடுக்க இயலும்?

இந்நிலையை மாற்றிய படகுகளுள் தலைசிறந்தது 'மிரர்' எனப்படும் சிறு பாய்ப்படகாகும். இதனை 1962ஆம் ஆண்டளவில் வகுத்தவர்கள் இருவர். ஒருவர் ஜாக் ஹோல்ட், ஜீ.பீ. 14, என்ரர்பிறைஸ் முதலிய புகழ்பெற்ற சிறு படகுகளை முன்னரே வகுத்தவர். மற்றவர் பாரி பக்னெல். வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் முறைகளைத் தொலைக்காட்சியிற் காட்டிப் பிரித்தானிய மக்களிடையே பெயர் பெற்றவர். இலண்டனில் வெளியாகும் 'டெயிலி மிரர்' நாளிதழ் இம்முயற்சிக்கு ஆதரவளித்தது. படகும் அதன் பெயரையே பூண்டது. அந்நாளிதழின் தலைப்பு நிறத்தை ஒட்டிப் படகின் பாய்களும் சிவப்பு நிறத்தில் அமைந்தன.

1963ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தபோது, வெட்டிய பலகைகளும் பிற உறுப்புகளும் அடங்கிய தொகுதியின் விலை 63 பவுண் 11 சிலிங். நீளம் 10 அடி 10 அங்குலம். அகலம் 4 அடி 7 அங்குலம். வெறும் உடலின் நிறை ஏறக்குறைய 100 றாத்தல், அதாவது 45 கிலோகிராம் அளவே. பாய்மரம் குட்டையானது. அதன்மீது மற்றொரு கோல் ஏறி நின்று பாயை உயர்த்தும். ஆகவே கோல்கள் யாவற்றையும் கழற்றிப் படகினுள்ளேயே வைத்துக்கொண்டு செல்லலாம். இவ்வகைப் படகுகள் இன்றுவரை 70,000க்கு மேற்பட்டவை கட்டப்பட்டுள்ளன. அவற்றுட் பெருந்தொகையானவை வீட்டுக் கொட்டில்களிலும் பின்வளவுகளிலும் சாதாரண மக்களின் கைகளால் உருவானவை என்பதே இதன் பெருமை.

ஊசியும் நூலும் போல

அனுபவமில்லாதோர் இப்படகைக் கட்ட முடிந்ததன் இரகசியம் என்ன? இதில் விலாச்சட்ட வேலை இல்லை; பலகைகளைத் தைத்தலே வேலை. உடைக்குத் துணி வெட்டுவதுபோல, சுமார் 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒட்டுப்பலகைகள் குறித்த வடிவில் வெட்டப்படுகின்றன. ஓரங்களிற் சிறு துளைகள் இட்டு, செப்புக் கம்பியாற் பலகையோடு பலகையைத் தைக்கின்றனர். பின்னர் மூட்டுகளின் உள்ளும் புறமும் கண்ணாடி நாரினாலான நாடாவை வைத்துப் பிசினில் நனைக்கின்றனர். பிசின் இறுகியதும் மூட்டு உறுதிபெற்றுவிடுகிறது. வெளியே நீட்டிநிற்கும் கம்பியைக் கத்தரித்துவிடலாம். கென் லிற்றில்டைக் என்பவர் சிறு துடுப்புப் படகுகளை இவ்வாறு மீன்பிடி நூலாலும் பிசினாலும் இணைத்த முறையே மிரர் படகுக்கு முன்னோடியாக அமைந்தது. கூரிய அணியத்துக்குப் பலகையை வளைத்தல் கடினமாதலால், முன்புறம் மொட்டையாகவே விடப்பட்டது.

பலகையைத் தைத்துக் கலம் ஆக்குவது நம் கரைகளுக்குப் புதியதன்று. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகள் ஆணியின்றித் தென்னங்கயிற்றாற் பலகைகள் தைத்துக் கட்டப்பட்டவை. இலங்கையின் மேற்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் சிங்கள மீனவர் கையாளும் 'ஒருவ' எனும் தோணியில், குடைந்த மரத்தின் மேல் நிறுத்தும் பக்கப் பலகைகளும் கயிற்றாலேயே பிணைக்கப்பட்டு வந்தன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம்மவர் தையல் கலத்தின் வாழ்நாள் முழுதும் பலகைகளைத் தாங்கி, அலையின் அடிக்கு ஈடுகொடுத்து நெகிழ்ந்து நிற்பது. மிரர் படகின் செப்புத் தையலோ பிசின் இறுகும்வரைக்கும் மட்டுமே காவல் நிற்பது. இவ்வேறுபாட்டைப் பழுது பார்ப்பவர் மறத்தலாகாது. மிரர் படகின் உயிர், பிசின் மூட்டிலும் ஒட்டுப்பலகையிலுமே தங்கியிருக்கிறது.

காக்கும் அறையே நோய்க்கும் இடம்

படகு கவிழ்ந்தாலும் மூழ்காதிருத்தற்காக, முன்புறத்திலும் இரு பக்கங்களிலும் மூடப்பட்ட காற்றறைகள் அமைக்கப்பட்டுள்ளன. நீர் நிறைந்தபோதும் படகையும் அதிலுள்ளோரையும் மிதக்கச் செய்பவை இவையே. சிறுவர் ஏறிச் செல்லும் படகுக்கு இதனினும் சிறந்த பாதுகாப்பு வேறில்லை.

ஆனால், நீர் புகாதபடி மூடிய அறை, புகுந்த நீர் வெளியேறாதபடியும் மூடிய அறைதானே! ஒரு சிறு திருகாணித் துளை வழியே கசியும் மழைநீர் அறையின் அடியிலே தேங்குகிறது. காற்றோட்டமில்லை, வெயில் படுவதில்லை. வெளியே வர்ணம் பளபளக்க, உள்ளே பலகை உளுத்துப்போகிறது.

பூஞ்சணம் மரத்தை உண்பதற்கு நான்கு பொருட்கள் வேண்டும்: உணவாகிய மரம், காற்று, மிதமான வெப்பம், ஈரம். இவற்றுள் நம் கைக்கு அடங்குவது ஈரம் ஒன்றே. மரத்தின் ஈரப்பதன் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக இருக்குமாயின் பூஞ்சணம் வளர்வதில்லை. உப்பு நீரும் அதன் வளர்ச்சியைத் தடுக்கின்றது. நன்னீரோ அதற்கு விருந்தாகின்றது. கடலோடிய படகை நன்னீராற் கழுவுதல் உலோகங்களுக்கு நல்லதுதான். ஆனால் கழுவியபின் உலரவிடாது மூடிவைப்பது மரத்துக்குத் தீது. காற்றறைகளின் மூடிகளைக் கரையில் எப்பொழுதும் திறந்து வைக்கவேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

முதல் வாரம்: கண், காது, மூக்கு

வேலை தொடங்கும் நாளில் வர்ணக் கடைக்குச் செல்லவேண்டாம். படகை மழைபடாத, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்து, நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். கொட்டிலுக்குள் ஏற்றுவதாயின், வாயிலின் அகலத்தை அளந்து பார்த்துக்கொள்வது நலம்.

முதலிற் செய்யவேண்டியது நிறை பார்த்தல். மனிதர் நிறை பார்க்கும் சிறு தராசை அணியத்தின் கீழும் பின்னர்ப் பின்புறத்தின் கீழும் வைத்து, இரு தொகைகளையும் கூட்டிப் பாருங்கள். ஒருபுறம் தராசில் நிற்கும்போது மறுபுறம் அதே மட்டத்தில் ஒரு கட்டையின்மேல் இருக்கவேண்டும். 45 கிலோகிராம் இருக்கவேண்டிய உடல் 60 கிலோகிராம் காட்டுமாயின், இடையில் ஏறியது என்ன? முந்தியோர் பூசிய வர்ணத்தின் பாரம் ஒரு பகுதி. மிகுதி பலகையிலும் அறையிலும் ஒளிந்திருக்கும் நீரெனக் கொள்ளலாம்.

அடுத்தது காது. திருகாணி முடுக்கியின் மரப்பிடியால் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிச் செல்லுங்கள். நல்ல பலகை கணீரென ஒலிக்கும். உளுத்த பலகை 'பொத்' என்று ஓசையடங்கி ஒலிக்கும். ஐயத்துக்குரிய இடங்களிற் குத்தூசியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஊசி தடையின்றி இறங்குமிடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். இவ்வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். அவர்களுடைய செவியும் கண்ணும் நம்முடையவற்றினும் கூர்மையானவை.

மூக்குக்கும் வேலையுண்டு. காற்றறையின் மூடியைத் திறந்தவுடன் புற்றுமண் போன்ற நாற்றம் வீசினால், உள்ளே நோய் உண்டு என்பது உறுதி. வர்ணம் கொப்பளித்த இடங்கள், வார்னிஷின் கீழ்க் கரும்புள்ளி பரவிய இடங்கள், நாடா பலகையைவிட்டு எழும்பிய இடங்கள் யாவும் குறித்துக்கொள்ளற்குரியன. நோய் பெரும்பாலும் நான்கு இடங்களிலேயே குடிகொள்கிறது: பின்பலகையின் கீழ்மூலைகள், காற்றறைகளின் அடி, பாய்மரம் ஊன்றும் இடம், நடுவிலே நீருக்குள் இறக்கும் பலகைக்கான பெட்டியின் மூட்டுகள்.

இவ்வாறு குறித்தபின் படகை உலரவிடுங்கள். சில நாட்கள் போதா. பல வாரங்கள் வேண்டும். பொறுமை சோதிக்கப்படும் காலம் இதுவே. ஈரமரத்தின்மீது ஒட்டிய பிசினும் பூசிய வர்ணமும் நோயை உள்ளே அடைத்துவைத்துக் கதவைப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

அறுத்தலும் ஒட்டலும்

உளுத்த மரத்தினுள் பிசினை ஊற்றி இறுக வைத்துவிட்டால் வேலை முடிந்ததெனக் கருதுவோர் உளர். அலங்காரப் பலகைக்கு அது பொருந்தலாம்; அலையைத் தாங்கும் அடித்தளத்துக்குப் பொருந்தாது. நோயுற்ற பகுதியை, அதற்கு அப்பால் நல்ல மரம் தோன்றும்வரை, இரண்டங்குலம் கூடுதலாகவே அறுத்தெறிய வேண்டும்.

அறுத்த வாயின் ஓரத்தைச் செங்குத்தாக விடாது, சரிவாகச் சீவுக. பலகையின் தடிப்பு ஒரு பங்காயின் சரிவின் நீளம் எட்டுப் பங்கு இருத்தல் வேண்டும் என்பது படகுத் தச்சரின் கணக்கு. 5 மில்லிமீற்றர்ப் பலகைக்கு 40 மில்லிமீற்றர்ச் சரிவு. புதிய துண்டின் ஓரத்தையும் அவ்வாறே சீவி இரண்டையும் பொருத்தும்போது ஒட்டும் பரப்பு விரிவடைகிறது. மூட்டு பலகைக்கு நிகரான வலுவைப் பெறுகிறது.

புதிய துண்டுக்குப் பெட்டி செய்யும் மலிவான ஒட்டுப்பலகை உதவாது. கடற்பயனுக்கான ஒட்டுப்பலகைக்குப் பிரித்தானியத் தரம் 1088 என்னும் அடையாளம் உண்டு. ஐயமிருப்பின் சிறு துண்டொன்றை நீரிற் கொதிக்கவைத்து உலர்த்திப் பாருங்கள். அடுக்குகள் பிரிந்துவிடுமாயின் அப்பலகையிற் பிள்ளைகளை ஏற்றிக் கடலுக்கு அனுப்புவது எங்ஙனம்?

பிசினைப் பற்றியும் சில சொற்கள் கூறவேண்டும். பழைய மிரர் படகுகளில் பயன்பட்டது பொலியெஸ்ரர் பிசின். இன்று பழுது பார்ப்போர் பெரிதும் விரும்புவது எப்பொக்சிப் பிசின். மரத்தை இது இன்னும் இறுகப் பற்றுகிறது. நன்றாகச் சுரண்டித் தூய்மையாக்கிய பழைய பொலியெஸ்ரர்மீது எப்பொக்சி ஒட்டும். எப்பொக்சியின்மீது பொலியெஸ்ரர் நம்பத்தக்கவாறு ஒட்டாது. ஆகவே எப்பொக்சியைத் தொடங்கிய இடத்தில் அதனையே தொடர்தல் வேண்டும். எப்பொக்சியோடு கலக்கும் இறுக்கித் திரவத்தைக் கூட்டினால் விரைவில் இறுகும் என்று எண்ணுவதும் தவறு. அளவு பிறழ்ந்தால் அது முற்றாக இறுகாது பிசுபிசுத்தே நிற்கும். குறித்த அளவை அளந்தே கலக்கவேண்டும்.

குளிர்நாட்டிற் பிசின் இறுகத் தயங்கும். ஆதலால் வீட்டினுள் வெப்பமூட்டி வேலை செய்வர். நம்முடையது போன்ற வெப்பநாட்டிலோ கிண்ணத்திலேயே கொதித்துப் புகைந்து கட்டியாகிவிடும். சிறிது சிறிதாகக் கலந்து, ஆழமற்ற தட்டிற் பரப்பிக்கொண்டு, காலைக் குளிரிலே வேலை செய்தல் நன்று. கையுறை இன்றிப் பிசினைத் தொடுதலும், முகமூடி இன்றி அரத்தாள் தேய்த்தலும் ஆகா. தோலிற் படும் எப்பொக்சி ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். அது ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுதும் தொடரவும் கூடும். கண்ணாடி நாரின் தூசும் நுரையீரலுக்கு நல்லதன்று.

உலோகமும் பாயும்

மரத்தை அடுத்து உலோகத்தைப் பார்ப்போம். பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிக் கயிறுகளின்மீது ஒரு பஞ்சுத் துணியை ஓடவிடுங்கள். அறுந்த இழை எங்கேனும் இருந்தால் துணி அதிற் கொளுவிக்கொள்ளும். வெறுங்கையை ஓடவிட்டால் விரல் கிழியும். ஓரிழை அறுந்திருந்தாலும் அக்கயிற்றை மாற்றிவிடுவதே அறிவுடைமை.

உப்பு நீரிற் கிடந்த பித்தளைத் திருகாணியிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறிவிடும். எஞ்சுவது இளஞ்சிவப்பு நிறங்கொண்ட, நொறுங்கும் செம்பே. அத்தகைய திருகாணிகள் பார்வைக்கு முழுமையாகத் தோன்றினும் தலையைத் திருகியவுடன் ஒடிந்துபோகும். அவற்றுக்குப் பதிலாக வெண்கலம் அல்லது துருப்பிடிக்காத உருக்கினாலானவற்றை இடலாம். ஒவ்வொரு துளையிலும் சிறிது பிசினைத் தடவிய பின்னரே திருகாணியை முடுக்குக. மழைநீர் உள்ளே நுழைந்த வாயில் அத்துளையே என்பதை மறவாதீர்கள்.

பாயைப் புதுப்பிக்கும் வேலையில் வீட்டுத் தையற்பொறி துணைவருகிறது. 1941ஆம் ஆண்டில் வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் பிரித்தானிய இரசாயன அறிஞர் இருவர் டெரிலீன் இழையைக் கண்டுபிடித்தனர். பருத்திப் பாய் ஈரத்தில் உளுப்பதுபோல இவ்விழையாலான பாய் உளுப்பதில்லை. ஆயினும் இதற்கும் ஒரு பகைவன் உண்டு, அவன் கதிரவன். துணி கெடுவதற்கு முன் தையல் நூலே முதலிற் கெடுகிறது. நகத்தால் தையலைச் சுரண்டிப் பாருங்கள். நூல் உதிர்ந்தால், பொலியெஸ்ரர் நூல் கொண்டு பழைய துளைகளை ஒட்டியே குறுக்கும் மறுக்குமான தையல் இடலாம். துணியே கையாற் கிழியுமளவு நைந்திருந்தால் மட்டும் புதுப்பாய் வாங்கவேண்டும். ஆஞ்சான் கயிற்றையும் பிற கயிறுகளையும் கழுவி, தேய்ந்த முனையை வெட்டி, முனைகளை நூலாற் கட்டிவைத்தால் அவை இன்னும் பல காலம் உழைக்கும்.

வர்ணம் கடைசியில்

இப்பொழுதுதான் வர்ணத்தின் முறை வருகிறது. பொறுமையிழந்தோர் தொடங்குமிடம் பொறுமையுடையோர் முடிக்குமிடமாகிறது. பழைய பூச்சின் மினுக்கம் மறையும்வரை அரத்தாளால் தேய்த்து, தூசு துடைத்து, அடிப்பூச்சுப் பூசி, அதன்மேல் மெல்லிய பூச்சுகளாக வர்ணம் பூசவேண்டும். தடித்த ஒரு பூச்சினும் மெல்லிய மூன்று பூச்சுகள் உறுதியானவை.

மரநிறம் தெரியவேண்டிய இடங்களுக்கு வார்னிஷ். முதற்பூச்சை இளக்கிப் பூசினால் அது மரத்தினுள் ஊறும். அதன்மேல் ஐந்து அல்லது ஆறு பூச்சுகள் வேண்டும். ஒவ்வொன்றின் இடையிலும் மெல்லிய அரத்தாள் தேய்ப்பு. நண்பகல் வெயிலிற் பூசினால் கொப்பளிக்கும்; பனி இறங்கும் மாலையிற் பூசினால் மங்கும். எப்பொக்சி பூசிய மரத்தையும் வர்ணமோ வார்னிஷோ இன்றி விடலாகாது. வெயில் அதனைச் சிதைத்துவிடும். பலகைகளின் வெட்டு முனைகளே நீரை மிகுதியாக உறிஞ்சுபவை. அங்கு ஒரு பூச்சுக் கூடுதலாகப் பூசினால் குற்றமில்லை.

நீரிலே பரீட்சை

படகு அழகாகிவிட்டது. ஆயினும் நம்பத்தக்கதாகிவிட்டதா? அதைக் கரையிலேயே ஓரளவு அறியலாம். காற்றறையின் துளையொன்றிற் குழாயைப் பொருத்தி, மூட்டுகள் எங்கும் சவர்க்கார நீரைத் தடவி, வாயால் மெல்ல ஊதுக. கசிவுள்ள இடத்திற் குமிழிகள் எழும். துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கும் பம்பியை இதற்குப் பயன்படுத்தல் கூடாது. அதன் அழுத்தம் மூட்டையே பிரித்துவிடும்.

அடுத்த பரீட்சை இடுப்பளவு நீரில். அமைதியான நாளொன்றிற் பெரியோர் இருவர் படகைக் கவிழ்த்து, நிமிர்த்தி, நீர் நிரம்பிய நிலையில் அது எவ்வாறு மிதக்கிறது என்று பார்க்கவேண்டும். ஒருபுறம் தாழ்ந்தால் அப்புறத்து அறையிற் கசிவு உண்டு. பத்து நிமிடம் கழித்தும் மட்டமாக நிற்குமாயின் படகு தேறிவிட்டது. பின்னர் அறைகளைத் திறந்து, உள்ளே எவ்வளவு நீர் புகுந்தது என்று அளந்து பாருங்கள். ஒரு பஞ்சு ஒற்றியெடுக்குமளவு பொறுத்துக்கொள்ளத்தக்கது. ஒரு வாளி நீர் பொறுக்கத்தக்கதன்று. இப்பரீட்சையில் தேறாத படகிற் சிறுவரை ஏற்றுதல் கூடாது. தேறிய படகிலும் உயிர்காப்பு அங்கி அணியாமல் எவரும் ஏறுதல் ஆகாது.

எப்போது கைவிடுவது?

எல்லாப் படகுகளையும் காப்பாற்ற முடியுமா? முடியாது. பின்பலகையின் மூலைகள் கெட்டிருந்தால் மாற்றலாம். அடித்தளத்தில் ஓரிரண்டு இடம் உளுத்திருந்தால் ஒட்டலாம். அடித்தளமும் அறைச்சுவர்களும் எங்கணும் அடுக்குப் பிரிந்திருந்தால், பழுது பார்ப்பது புதிய படகு கட்டுவதினும் கடினமாகிவிடும். அந்நிலையிற் பாய், கோல்கள், சுக்கான், உலோக உறுப்புகள் ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொண்டு, உடலைக் கைவிடுவதில் இழுக்கொன்றுமில்லை. முதல் வாரத்திலேயே குத்தூசியும் தராசும் எடுத்துப் பார்த்தவர், இம்முடிவை மாதக்கணக்கான உழைப்பும் பணமும் வீணாகுமுன்னரே எடுத்துவிடுவார். திறந்து பார்த்தலின் பயன் இதுவுமாகும்.

ஆனால், காப்பாற்றத்தக்க படகை அற்பமென எண்ணிவிடவும் வேண்டாம். ஏ. ஜே. மக்கின்னன் என்னும் ஆசிரியர் 1990களின் இறுதியில் இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர்ப் பகுதியிலிருந்து ஒரு மிரர் படகிற் புறப்பட்டு, ஆறுகளும் கால்வாய்களும் ஆங்கிலக் கால்வாயும் கடந்து கருங்கடல்வரை சென்றார். அவர் கடந்த தூரம் ஏறக்குறைய 4,900 கிலோமீற்றர். ஏறக்குறைய பதினோரடி நீளமுள்ள, துணி தைப்பதுபோல் தைத்த படகு அது!

இன்று அப்படகுகளுட் பழையவற்றுக்கு அறுபதுக்கு மேல் வயதாகிறது. பிரித்தானியாவின் பின்வளவுகளிற் செடிகொடி மூடிக் கிடப்பவற்றைக் குடும்பங்கள் இன்னும் தேடியெடுத்துப் புதுப்பித்து வருகின்றன. ஏன் இது இயலுகிறது? படகு எளிதாகக் கட்டப்பட்டமையாலேயே எளிதாகத் திருத்தவும் படுகிறது. அதில் மறைபொருள் எதுவுமில்லை. ஒவ்வொரு மூட்டும் ஏன் அவ்வாறு அமைந்தது என்பதைப் பன்னிரண்டு வயதுச் சிறுவனோ சிறுமியோ விளங்கிக்கொள்ளலாம். விளங்கிக்கொண்டதைத் திருத்தலாம், திருத்தியதை நம்பி நீரில் இறங்கலாம்.

மாணவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மரத்தின் இயல்பும், உலோகத்தின் அரிப்பும், பிசினின் இரசாயனமும், மிதத்தலின் விதியும் புத்தகத்தில் வெவ்வேறு அத்தியாயங்களாக இருக்கின்றன. ஒரு சிறு படகிலே அவை ஒன்றாகக் கூடி நிற்கின்றன. பெற்றோருக்கும் ஒரு பாடம் உண்டு. பிள்ளையின் கையிலே முதலிற் கொடுக்கவேண்டிய கருவி வர்ணத் தூரிகையன்று, குத்தூசியே. மினுக்கத்தைக் கண்டு மயங்காது, தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து, உண்மையை அறிந்த பின்னரே பூசத் தொடங்கும் பழக்கம் படகோடு நின்றுவிடுவதன்று. வீடு கட்டும்போதும், பொருள் வாங்கும்போதும், தொழில் செய்யும்போதும் அது துணைநிற்கும்.